முதுகில் ஒரு பை, மடியில் ஒரு குழந்தை!

"கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு, வயசான மாமியாரையும் கூட்டிக்கிட்டு, டவுன் பஸ்ஸிலேயே நீலகிரியைச் சுத்தப் போறியா? உனக்கென்னடி பைத்தியமா?"

போன காலாண்டுப் பரீட்சை லீவில் என் சொந்தத் தங்கையே என்னை இப்படித்தான் கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவனுக்குப் பத்து மாதம். அத்தைக்கு அறுபத்திரண்டு, கொஞ்சம் மூட்டு வலி. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது. எங்களிடம் கார் கிடையாது. வாடகைக் கார்க்காரர் நான்கு நாளைக்குச் சொன்ன தொகையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

கல்யாணமாகி ஏழு வருஷமாக "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றே போய்க்கொண்டிருந்த பிரயாணம் இது. கேத்தியில் இருக்கும் என் பெரியம்மா மகள், ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் "எப்படீ வர்றே?" என்பாள். இந்தத் தடவை என்னவோ ஒரு வேகம். "வர்ற சனிக்கிழமை வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது!

சகோதரிகளே, நான்கு நாள் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டோம். நீங்களும் போகலாம். எங்கள் அனுபவத்தையும், நாங்கள் செய்த ஒரு பெரிய தவறையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பெட்டியா, பையா?

முதல் பிரச்னை சாமான். நம் வீடுகளில் வெளியூர் என்றால் ஒரு பெட்டி, ஒரு கட்டைப் பை, ஒரு கூடை, ஒரு பிளாஸ்க். கை இரண்டும் போய்விடும். அப்புறம் குழந்தையை யார் பிடிப்பது? பஸ் படியில் ஏறும்போது கம்பியை எதனால் பிடிப்பது?

அதனால் முதுகில் மாட்டும் பை ஒன்றே ஒன்று என்று முடிவு செய்தேன். பெரியவளின் ஸ்கூல் பையில் அவளுடைய துணி. அத்தைக்குத் தோளில் ஒரு சின்னப் பை. அவ்வளவுதான்.

பையை அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. கனமானவை முதுகை ஒட்டியும், இலேசானவை வெளிப் பக்கமும் இருக்க வேண்டும். பட்டைகள் இரண்டையும் போட வேண்டும். ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டால் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். நம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சமீபத்தில் பிரசவமானவர்கள், அதுவும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்காமல் பை தூக்கவே கூடாது.

அத்தை ஆரம்பத்தில், "நான் எதுக்கு கண்ணு, வீட்டப் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பழைய சேலைத் துணியில் ஐந்தாறு சுருக்குப் பைகள் தைத்துக்கொண்டிருந்தார். "ஈரத்துணி ஒண்ணுல, காஞ்ச துணி ஒண்ணுல போட்டுக்கலாம்" என்றார். வருகிறேன் என்று சொல்லும் விதம் அது!

வளைவுகளும் வயிறும்

ஈரோட்டிலிருந்து பஸ் மாறி மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து மலை ரயிலில் ஏறத்தான் ஆசை. ஆனால் அதற்கு வெகு நாள் முன்பே ரிசர்வ் செய்ய வேண்டும். டிக்கெட் கிடைக்கவில்லை. ஆகவே குன்னூர் வரை பஸ்.

இந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலைப் பாதையில் வாந்தி ஏன் வருகிறது தெரியுமா? பஸ் வளைந்து திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் உறுப்பு உணர்கிறது. கண்ணோ எதிர் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு சேதிகளும் ஒத்துப்போகாததால் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. ஆகவே முன் பக்க சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் இருக்கும் மலையையோ ரோட்டையோ பார்க்க வேண்டும். போன் பார்ப்பது, புத்தகம் படிப்பது கூடவே கூடாது. காற்று முகத்தில் படட்டும்.

வெறும் வயிறும் ஆகாது, பூரி, வடை என்று எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இரண்டு இட்லி, அல்லது ரொட்டித் துண்டு போதும். இஞ்சி சேர்த்த எலுமிச்சைச் சாறு சிலருக்கு நன்றாகக் கேட்கும். வாந்தி மாத்திரையைக் குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் மேலே ஏற ஏறக் காது அடைக்கும். அப்போது தாய்ப்பால் கொடுத்தால், குழந்தை விழுங்க விழுங்கக் காதடைப்பு விலகும். அத்தை தன் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டார். சின்னவன் நிம்மதியாகக் குடித்துவிட்டுத் தூங்கிப் போனான்.

கேத்தி ஸ்டேஷனில் அத்தை

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பாசஞ்சர் ரயிலில், ரிசர்வ் செய்யாத பெட்டியில் இடம் கிடைத்தது. வெலிங்டன், அரவங்காடு, அப்புறம் கேத்தி. சின்னச் சின்ன ஸ்டேஷன்கள்.

இந்த ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கியது. 1908-ல் ஊட்டி வரை நீட்டினார்கள். மொத்தம் 46 கிலோமீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பல் சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறும். 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும் அளவுக்குச் சரிவு! எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் நின்றுபோவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் புறப்படுகிறவர்கள் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேத்தி ஸ்டேஷனில் இறங்கினோம். 'மூன்றாம் பிறை' (1982) படம் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தை மறக்க முடியாது. ஸ்ரீதேவி ரயிலில் போய்விட, கமல் பரிதவித்து நிற்கும் அந்தக் கடைசிக் காட்சியை பாலு மகேந்திரா இங்கேதான் எடுத்தார்.

ரயில் போய்விட்டது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள். நடுநடுவே பெட்டி பெட்டியாக வீடுகள். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, "என்ன அத்தை, கால் வலிக்குதா?" என்றேன்.

"இல்ல கண்ணு. எனக்குக் கல்யாணமாகி நாப்பத்தி மூணு வருசம் ஆச்சு. 'உனக்கு எங்க போகோணும்'னு யாரும் என்னைக் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. இந்த ரயிலப் பாக்கோணும்னு இருந்துச்சு."

எனக்குப் பேச்சே வரவில்லை. நானும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே!

தப்பான பஸ்

இனி அந்தத் தவறைச் சொல்கிறேன்.

மறுநாள் ஊட்டிக்குப் போய் பொட்டானிக்கல் கார்டனைப் பார்த்தோம். மாலையில் கேத்தி பாலாடா பஸ்ஸில் வந்துவிடு, அங்கே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் யாரோ "பாலாடா, பாலாடா!" என்றார்கள். ஓடிப் போய் ஏறினோம். கண்டக்டர் "எங்கே?" என்றார். "பாலாடா" என்றேன். சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அரை மணிக்கு மேல் ஆயிற்று. பனி இறங்கிவிட்டது. பெரியவள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "கேத்தி இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டேன்.

"கேத்தியா? இது முத்தொரை பாலாடா போற பஸ்ஸும்மா! கேத்தி பாலாடா வேற பக்கம்."

எனக்குக் கை கால் உதறிவிட்டது. நீலகிரியில் பாலாடா என்று முடியும் ஊர் ஒன்றல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. பழி வேறு யார் மேலும் இல்லை. அரைகுறையாகக் கேட்டு ஏறியது நான். இறங்கினால் குளிர், பனி, தெரியாத ஊர். சின்னவன் வீறிட்டு அழுகிறான். போனில் அக்கா கிடைக்கவில்லை. 'தங்கை சொன்னது சரிதான், எனக்கு எதற்கு இந்த வீண் வேலை' என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

பஸ்ஸில் பேசிய அந்த அம்மா எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. வெள்ளை முண்டு கட்டி, தலையில் வெள்ளைத் துணி சுற்றிய படுகர் இனத்து மூதாட்டி. பக்கத்து டீக்கடையில் எங்களை உட்கார வைத்து, வெந்நீர் வாங்கிப் பெரியவளின் முகத்தைத் துடைத்துவிட்டார். "இதே பஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல ஊட்டிக்குத் திரும்பும். அதிலேயே ஏறிக்க. ஊட்டியில குன்னூர் பஸ் பிடிச்சு எல்லநள்ளியில இறங்கு. நீ ஒண்ணும் பயப்படாதே" என்றார். டிரைவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அத்தை மட்டும் கலங்கவே இல்லை. டீயை ஊதிக் குடித்தபடி, "எதுக்கு அழுவற? தொலைஞ்சா போயிட்டோம்? இன்னொரு ஊரையும் பாத்தோம், அவ்வளவுதானே!" என்றார்.

எல்லநள்ளியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. அக்கா வீட்டு மாமா டார்ச் லைட்டோடு நின்றிருந்தார். அன்று ராத்திரி நான் மூன்று பாடம் எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று, ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்லி, "அந்த ஊர்தானே?" என்று இரண்டு பேரிடம் கேட்டு ஏற வேண்டும். இரண்டு, மலையில் மாலை நான்கு மணிக்கு மேல் புது ஊருக்குக் கிளம்பக் கூடாது. பனியும் இறங்கும், காட்டெருமையும் ரோட்டுக்கு வரும். மூன்று, திரும்பி வரும் பஸ் எப்போது என்று இறங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஊசி பிறக்கும் ஊர்

மூன்றாம் நாள் அக்காவோடு கேத்தியைச் சுற்றினோம். எல்லநள்ளியில் ஒரு பெரிய தொழிற்சாலை. "இங்கதான் தையல் ஊசி செய்யறாங்க" என்றாள் அக்கா. 1949-ல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ். நாம் கடையில் வாங்கும் 'போனி' ஊசி, ஸ்வெட்டர் பின்னும் ஊசி எல்லாம் இவர்கள் செய்வதுதான். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். "எந்தச் சீமையிலிருந்தோ வருதுன்னுல்ல நெனச்சேன்! நம்ம மலையிலயா?" சுருக்குப் பை தைத்த ஊசி அத்தையின் தோள்பையிலேயே இருந்தது.

பிறகு, சரியான பஸ்ஸில், கேத்தி பாலாடா! மலை மலையாகக் கேரட். உருளையான பெரிய இயந்திரத்தில் போட்டுச் சுழற்றித் தண்ணீரில் கழுவுகிறார்கள். மண்ணோடு போனது பளபளவென்று வெளியே வருகிறது. மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கும் வெளியூர்களுக்கும் லாரியில் போகிறது. காலையில் சந்தைக்குப் போக வேண்டும் என்பதற்காக, விடியும் முன்பே குளிரில் தோட்டத்தில் இறங்கிக் கேரட் பிடுங்கும் கூலிப் பெண்களும் உண்டு. வீட்டில் வாடிய கேரட்டைத் தூக்கி எறியும்போது இனி ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

தேயிலைத் தோட்டங்களில் பெண்கள் பறித்த கொழுந்தை முதுகுப் பக்கம் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். என் பையைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். இங்கே எனக்கு முன்னால் எத்தனை பேர்!

அக்காவின் சமையலறையில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டி உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதனால் பருப்பும் கிழங்கும் வேக நேரமாகும். குக்கரில் இரண்டு விசில் கூட விட வேண்டும். குடிதண்ணீரையும் கொதி வந்ததும் இறக்காமல், மூன்று நிமிஷமாவது கொதிக்க விடுங்கள்.

மலையும் ஒரு தீவுதான்

நான்காம் நாள் வந்த வழியே திரும்பவில்லை. ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பஸ். சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இன்னொரு பஸ், 33 கிலோமீட்டர். ஒரு தீவைச் சுற்றி வருவது போல மலையைச் சுற்றி இறங்கிவிட்டோம்.

தீவு என்று சும்மா சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை 'ஆகாயத் தீவுகள்' என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள். சுற்றிலும் கடலுக்குப் பதில் வெப்பமான சமவெளி. குளிருக்குப் பழகிய செடிகளும் பறவைகளும் அதைக் கடந்து போக முடியாது. நீலகிரிச் சிரிப்பான் என்ற சின்னப் பறவை இந்த மலையின் உயரங்களை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் கண்ணேரிமுக்கில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய வீடு நினைவகமாக இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு இறங்கினோம். மேட்டுப்பாளையம் நெருங்க நெருங்க ஸ்வெட்டர் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயிற்று.

செலவு? வாடகைக் கார் கேட்ட தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை. சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் 2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2024 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப் பகுதிகளுக்கும் அதை அறிவித்தார்கள். எல்லாப் பஸ்ஸுக்கும் இது பொருந்தாது. ஏறும் முன் கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் நாலு இடம் போக வீட்டுக்காரரிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மைப் போன்றவர்களுக்குத்தானே தெரியும்!

புறப்படும் முன் கவனிக்க

● ஒரே கனமான கோட்டைவிட, மூன்று மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் கட்டாயம். நனைந்தால் மாற்ற ஒரு உலர்ந்த ஜோடி மேலாக இருக்கட்டும்.

● குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள் இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டும்.

● நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்கும் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

● 2024 மே 7 முதல் வெளியூர்ச் சொந்த வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. அரசுப் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

● மேலே போன முதல் நாள் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கலாம். அன்று ஓய்வாக இருங்கள். கர்ப்பிணிகள், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

● குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆயிற்று. அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அடுத்து உங்களுக்கு எங்க போகணும்?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "ராமேசுவரம். பாம்பன் பாலத்து மேல ரயில் போகுமாமே! அதுக்குள்ள எனக்கும் முதுகுல மாட்டற மாதிரி ஒரு பை வாங்கிக் குடு கண்ணு" என்றார்.

உங்கள் வீட்டில் இருக்கும் அத்தையை, அம்மாவை, அக்காவை இன்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அப்படியே உங்களை நீங்களும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்!